காத்தலும் துய்த்தலும்: ஸ்போர்ட்ஸ் காரின் ஒளிபுகு படலத்தை முன்வைத்து ஓர் ஒழுக்கவியல் விசாரணை

வேகமாக ஓடவேண்டும் என்னும் நோக்கத்துடன் ஆக்கப்பட்ட வண்டி ஒன்று. அவ்வண்டி ஓடுகின்றபோது வீதியிலுள்ள சிறுகற்கள் அதன் மேனியிலே தெறிக்கும். பூச்சிகள் மோதி மடியும். மழையும் வெயிலும் தத்தம் அடையாளங்களை விட்டுச்செல்லும். இவற்றுள் எதுவும் வண்டியின் வர்ணப்பூச்சைத் தீண்டலாகாது எனக் கருதும் உரிமையாளர், கண்ணுக்குப் புலப்படாத மென்படலம் ஒன்றினால் அதனை முழுவதும் போர்த்துவிடுகின்றார். அதன்பின் வண்டியைத் தொடுபவர் எவரும் வண்டியைத் தொடுவதில்லை, படலத்தையே தொடுகின்றனர். உரிமையாளரும் அதற்கு விலக்கல்லர்.

செல்வந்தர் சிலரின் ஆடம்பரப் பொருளைப் பற்றி ஒரு தமிழ்ச் சங்க ஏட்டில் ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது என வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும், ஒழுக்கவியலின் பெரும் பிரச்சினைகள் யாவும் பெரும் நிகழ்ச்சிகளிலேதான் வெளிப்படும் என்ற நியதி இல்லை. தனக்கு உரிமையான ஒரு பொருளை மனிதன் எவ்வாறு பேணுகின்றான், யாருக்காகப் பேணுகின்றான், அதனைப் பேணுவதில் தன்னை எந்த அளவுக்கு இழக்கின்றான் என்னும் கேள்விகள் நம் அனைவருக்கும் பொதுவானவை. ஸ்போர்ட்ஸ் காரின் படலம் அக்கேள்விகளை மிகத் தெளிவாகக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதனைச் சரிவர நோக்குவதற்கு முதற்கண் படலத்தின் இயல்பினை அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

இன்றைய கார் ஒன்றின் மேனியிலே நாம் காணும் நிறம் ஒரே பூச்சினால் ஆனதன்று. உலோகத்தைத் துருவிலிருந்து காக்கும் பூச்சு, அதன்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் நிறத்தைத் தரும் பூச்சு, அனைத்துக்கும் மேலாகப் பளபளப்பைத் தரும் நிறமற்ற மேற்பூச்சு எனப் பல படைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. இவை யாவும் சேர்ந்த தடிப்புப் பொதுவாக 100 முதல் 150 மைக்கிரோன் வரையிலேயே இருக்கும். மைக்கிரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. நிறமற்ற மேற்பூச்சின் தடிப்போ ஏறத்தாழ 50 மைக்கிரோன் மட்டுமே. பார்ப்போரை மயக்கும் அந்த ஆழமும் ஒளியும் மனித மயிரொன்றின் தடிப்பு அளவேயான ஒரு படையிலே தங்கியிருக்கின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது. இப்படையிலே கீறல் விழுந்தால் அதனைத் தேய்த்து மறைக்கலாம். ஆனால், தேய்த்தல் என்பது கீறலின் ஆழம்வரை பூச்சினை நீக்குதலேயாகும். எனவே ஒவ்வொரு திருத்தமும் ஓர் இழப்பு. சில முறைக்குமேல் அதனைச் செய்ய இயலாது.

ஸ்போர்ட்ஸ் காரின் அமைப்பே இப்பூச்சுக்குப் பகையாக உள்ளது. அதன் முகப்பு நிலத்தோடு ஒட்டித் தாழ்ந்திருப்பதால் முன்னே செல்லும் வாகனங்கள் எறியும் கற்கள் நேரே அதன்மீது மோதுகின்றன. அதன் அகன்ற, மென்மையான ரயர்கள் வீதியிலுள்ள கற்களைப் பற்றி எடுத்து அதன் விலாப்புறத்திலேயே வீசுகின்றன. ஆகவே, வண்டி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கின்றது எனக் கூறினும் பொருந்தும். உற்பத்தியாளர்களும் இதனை அறிவர். 1970களில் வெளிவந்த போர்ஷே 911 டேர்போ வண்டியின் புடைத்த பின்புற மட்காட்டுகளில், கற்களைத் தாங்குவதற்கெனக் கருநிறக் காப்பு ஒன்று தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. பின்வந்த வண்டிகளில் அவ்விடத்தை ஒளிபுகு படலம் எடுத்துக்கொண்டது.

இப்படலத்தின் பிறப்பு ஆடம்பர உலகத்தைச் சார்ந்ததன்று. வியட்நாம் யுத்த காலத்திலே அமெரிக்க ஹெலிகொப்ரர்களின் சுழல் அலகுகளை மணலும் சிதறல்களும் அரித்துவந்தன. அவ்வரிப்பைத் தடுப்பதற்காக 3எம் என்னும் அமெரிக்கக் கம்பனி உருவாக்கிய பொலியூரிதேன் நாடாவே இன்றைய படலத்தின் மூதாதை. அது பின்னர் பந்தயக் கார்களுக்கும், அங்கிருந்து செல்வந்தரின் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் வந்து சேர்ந்தது. இன்று பயன்படும் படலம் பொதுவாக 150 முதல் 200 மைக்கிரோன் வரையான தடிப்பை உடையது. அதாவது, தான் காக்கின்ற பூச்சுகள் அனைத்தையும்விடக் காவற்படலம் தடித்தது. அதன் மேற்பரப்பிலே விழும் மெல்லிய கீறல்கள் வெயிலின் வெப்பத்தினாலோ வெந்நீரினாலோ தாமாகவே மறைந்துவிடும். ஆழமான வெட்டுக்கு அது மருந்தாகாது.

படலத்தை ஒட்டும் தொழில் எளிதானதன்று. வண்டியைத் துப்புரவாகக் கழுவி, சவர்க்கார நீரைத் தெளித்து, அதன்மேல் படலத்தை வழுக்கவிட்டு இடத்திற் பொருத்தி, இறப்பர்த் தகட்டினால் நீரை வழித்தெடுத்து, வளைவுகளிலே வெப்பமூட்டி இழுத்து, விளிம்புகளை உள்ளே மடித்துவிட வேண்டும். ஒரு தூசு அகப்பட்டாலும் அது உள்ளே நிலையாகத் தங்கிவிடும். ஒரு முழு வண்டிக்குப் பல நாட்கள் செல்லும். செலவு பல ஆயிரம் அமெரிக்க டொலர்களாகும். இவ்வளவு உழைப்பின் இறுதிப்பயன், உழைப்பு நடந்தது என்பதே தெரியாமலிருத்தல். சிறந்த படலம் எனப்படுவது காணப்படாத படலமே.

இதனை ஒரு வீண் ஆடம்பரம் என ஒதுக்கிவிடுதல் சுலபம். ஆனால், அவ்வாறு ஒதுக்குமுன் காத்தலின் பக்கத்திலுள்ள நியாயத்தை நோக்குதல் வேண்டும். ஒரு பொருள் என்பது உறைந்த உழைப்பு. வடிவமைத்தவர், உலோகத்தை வளைத்தவர், வர்ணம் தீட்டியவர் எனப் பலருடைய கைகளும் கண்களும் அதனுள்ளே இருக்கின்றன. அதனை அலட்சியமாகச் சிதையவிடுபவன் அவர்களுடைய உழைப்பை அலட்சியம் செய்கின்றான். பேணுதல் என்பது ஒருவகை நன்றியறிதல். அன்றியும், ஒரு பொருளை நீண்டகாலம் நல்ல நிலையில் வைத்திருப்பவன் புதிய பொருளை அடிக்கடி வேண்டி நிற்பதில்லை. வாங்குதலும் வீசுதலுமே வாழ்க்கையாகிவிட்ட நுகர்வுச் சமுதாயத்தில் பேணுதல் ஒரு நற்பண்பாகவே கொள்ளத்தக்கது. சுருங்கச் சொல்லின், படலத்தை ஒட்டுபவன் தன் பொருளை மதிக்கின்றான், மதிப்பது குற்றமாகாது.

அவ்வாறாயின் பிரச்சினை எங்கே எழுகின்றது? அரிஸ்டோட்டில் தமது 'அரசியல்' என்னும் நூலின் முதற் பாகத்திலே பாதணியை உதாரணமாகக் கொண்டு ஓர் உண்மையை விளக்குகின்றார். பாதணிக்கு இரு பயன்கள் உண்டு. ஒன்று, அணிந்து நடத்தல். மற்றையது, வேறொரு பொருளுக்காக மாற்றிக்கொள்ளுதல். இரண்டும் பாதணியின் பயன்களே. ஆயினும் மாற்றுவதற்காகப் பாதணி உண்டாக்கப்படவில்லை. கார்ல் மார்க்ஸ் 1867ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மூலதனம்' முதற் பாகத்திலே பண்டத்தின் இருமைத் தன்மையை ஆராயும்போது இக்கூற்றினை எடுத்தாண்டுள்ளார். பயன்பெறுமதி, பரிவர்த்தனைப் பெறுமதி என்னும் அவரது பாகுபாடு நமது விசாரணைக்குப் பெரிதும் உதவுவதாகும்.

ஸ்போர்ட்ஸ் காரின் பயன்பெறுமதி ஓட்டுதலிலே உள்ளது. வளைவொன்றிலே அது திரும்பும் விதம், எந்திரத்தின் ஓசை, ஓட்டுபவனுக்கும் வீதிக்கும் இடையே அது ஏற்படுத்தும் உறவு ஆகியனவே அது ஆக்கப்பட்டதன் நோக்கம். அதன் பரிவர்த்தனைப் பெறுமதியோ ஓட்டாமையிலே உள்ளது. ஓடிய தூரம் குறையக் குறைய, பூச்சிலே தழும்பு அருக அருக, விற்கும் விலை உயர்கின்றது. இவ்வாறு ஒரே பொருளில் அதன் இரு பெறுமதிகளும் ஒன்றையொன்று உண்கின்றன. ஓட்டுபவன் தன் பணத்தை அழிக்கின்றான். ஓட்டாதவன் தன் வண்டியை அழிக்கின்றான்.

பழைய கார்களை வாங்குவோர் பூச்சின் தடிப்பை அளக்கும் சிறு கருவி ஒன்றினைக் கையிலே கொண்டுவருவர். ஓரிடத்திலே அளவு வழமைக்கு மேற்பட்டிருந்தால் அவ்விடம் மீண்டும் பூசப்பட்டுள்ளது என்பது அவர்கள் கொள்ளும் ஐயம். மறுபூச்சு எவ்வளவு திறமையாகச் செய்யப்பட்டிருப்பினும் அது 'மூலப் பூச்சு' அன்று. ஆகவே விலை இறங்கும். கண்ணுக்கு அழகாயிருத்தல் போதாது, வண்டி ஒருபோதும் காயப்பட்டிருக்கவே கூடாது என்பதே சந்தையின் கோரிக்கை. இக்கோரிக்கைக்கு அஞ்சித்தான் பலரும் படலத்தை நாடுகின்றனர்.

இங்கே ஒரு விசித்திரமான சங்கிலி தோன்றுகின்றது. முதலாம் உரிமையாளர், தமக்குப்பின் வாங்கப்போகும் ஒருவருக்காகப் பூச்சினைக் காக்கின்றார். இரண்டாமவர் வாங்கியவுடன் மூன்றாமவருக்காக அதனைக் காக்கத் தொடங்குகின்றார். மூன்றாமவரும் அவ்வாறே. பூச்சின் அழகு என்றோ ஒரு நாள், யாரோ ஒருவர் அச்சமின்றித் துய்ப்பதற்காகச் சேமித்துவைக்கப்படுகின்றது. ஆனால், அந்த ஒருவர் ஒருபோதும் வருவதில்லை. வருகின்ற ஒவ்வொருவரும் தம்மைக் காவலராகவே கருதிக்கொள்கின்றனர். துய்ப்பவர் இல்லாத செல்வத்துக்குக் காவலர் வரிசை மட்டும் நீள்கின்றது.

திருக்குறளின் 101ஆம் அதிகாரம் 'நன்றியில் செல்வம்' என்னும் பெயருடையது. தானும் துய்க்காது, தக்கோர்க்கும் ஈயாது கிடக்கும் பொருளின் பயனின்மையை அவ்வதிகாரம் எடுத்துரைக்கின்றது. அங்கே கண்டிக்கப்படுவது செல்வம் அன்று. செல்வத்துக்கும் வாழ்வுக்கும் இடையே உள்ள தொடர்பு அறுந்துபோதலே. திரையிட்ட கொட்டிலுக்குள் படலம் போர்த்தி நிறுத்தப்பட்டு, மாதம் ஒருமுறை எந்திரத்தை இயக்கிப் பார்ப்பதோடு சரியாகிவிடும் வண்டிக்கு அத்தலைப்பு முற்றிலும் பொருந்தும்.

எனினும், பரிவர்த்தனைப் பெறுமதியைக் கருதுவோர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுதல் அநீதியாகும். நமது நாட்டிலே முச்சக்கர வண்டி வாங்கும் ஒருவர், ஆசனத்தின்மேல் தொழிற்சாலையிலே இடப்பட்ட பிளாஸ்ரிக் உறையைப் பல மாதங்களுக்குக் கழற்றாது வைத்திருப்பதைக் காண்கின்றோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சிலே வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. அந்த இடைக்காலத்திலே ஓடித் தேய்ந்த வாகனங்களும் பெருவிலை பெற்றன. கையிலிருந்த வாகனமே பல குடும்பங்களின் சேமிப்பாக அமைந்தது. அத்தகைய ஒருவர் தம் வாகனத்தின் மேனியில் ஒரு கீறல் விழாது காக்கின்றார் எனின், அவர் காப்பது பிள்ளையின் படிப்பை, முதுமையின் மருந்தை. அங்கே பரிவர்த்தனைப் பெறுமதி வாழ்வுக்குப் பணிசெய்கின்றது. ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளரின் நிலையோ வேறு. அவ்வண்டி வாழ்க்கைத் தேவையின் எல்லைக்கு அப்பாற்பட்டது; இன்பத்துக்காகவே வாங்கப்பட்டது. அந்த இன்பத்தையும் விலையின் பொருட்டு ஒத்திவைப்பவர், தேவையின் நியாயத்தையும் இழந்து, இன்பத்தின் நியாயத்தையும் இழக்கின்றார். செயல் ஒன்றே, அதன் ஒழுக்கப் பெறுமானம் ஒன்றன்று.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு படலமே குற்றத்துக்குரியது என முடிவுகட்டினால் நாம் பாதி உண்மையையே கண்டவராவோம். படலத்தின் பிறப்பை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். ஹெலிகொப்ரரின் அலகுகளுக்கு நாடா ஒட்டப்பட்டது எதற்காக? மணற்புயலிலும் அது பறக்கவேண்டும் என்பதற்காக. பறக்காமல் நிறுத்திவைப்பதே நோக்கமாயிருந்தால் நாடாவுக்குத் தேவை இருந்திராது. அந்த யுத்தத்தின் நியாய அநியாயம் வேறு பிரச்சினை. காத்தலின் தருக்கத்தை மட்டும் ஈண்டு நோக்குகின்றோம். அத்தருக்கத்தின்படி, காப்பு என்பது பயன்பாட்டின் துணைவன்.

ஸ்போர்ட்ஸ் காருக்கும் இது பொருந்தும். இரு உரிமையாளர்களைக் கற்பனை செய்துகொள்வோம். இருவரும் ஒரேவகை வண்டியை வாங்கி, ஒரேவகைப் படலத்தால் போர்த்துகின்றனர். முதலாமவர், இனிக் கற்களுக்கு அஞ்சவேண்டியதில்லை என மகிழ்ந்து, மழையிலும் மலைப்பாதையிலும் வண்டியைச் செலுத்துகின்றார், நண்பரை ஏற்றிச்செல்கின்றார், லொறியொன்றின் பின்னே செல்லும்போதும் பேச்சை நிறுத்துவதில்லை. இரண்டாமவர், படலம் இட்ட பின்னரும் வண்டியை வெளியே எடுக்கத் தயங்குகின்றார். பொருள் ஒன்று, படலம் ஒன்று, செலவும் ஒன்று. ஆயினும், முதலாமவரிடத்தே படலம் ஒரு வாயிலைத் திறந்தது. இரண்டாமவரிடத்தே அது மற்றொரு பூட்டாயிற்று. எனவே, நாம் கேட்கவேண்டிய வினா 'காக்கலாமா, கூடாதா' என்பதன்று. 'இந்தக் காப்பு என் பயன்பாட்டை விரிக்கின்றதா, சுருக்குகின்றதா' என்பதே சரியான வினா. இவ்வினாவுக்கு விடை வண்டியிலே இல்லை. உரிமையாளரின் நாட்குறிப்பிலே உள்ளது.

இவ்விடத்து மெய்யியல் மாணவர் ஒருவர் இன்னுமோர் ஆட்சேபத்தை எழுப்பலாம். படலத்தின் துணையினாலேயே அச்சம் நீங்கப்பெற்றவன் உண்மையில் அச்சம் நீங்கியவனா? உரோமப் பேரரசின் காலத்தில் அடிமையாய் வாழ்ந்து பின் விடுதலைபெற்ற எபிக்டீற்றஸ் என்னும் ஸ்டோயிக் மெய்யியலாளரின் போதனைகளைத் தொகுத்த கைந்நூலிலே ஒரு குடத்தைப் பற்றிய அறிவுரை வருகின்றது. ஒரு குடத்தின்மீது உனக்கு விருப்பம் உண்டாயின், நீ விரும்புவது உடையக்கூடிய ஒரு குடத்தையே என்பதை உனக்கு நீயே சொல்லிக்கொள். அப்போது அது உடையும் நாளில் நீ கலங்கமாட்டாய் என்பது அதன் சாரம். எபிக்டீற்றஸ் குடத்துக்கு உறை தேடவில்லை. மனத்துக்கு அறிவைத் தேடினார். அவரது நோக்கிலே படலம் ஒட்டவேண்டிய இடம் வண்டியன்று.

இவ்வாட்சேபத்திலே ஆழ்ந்த உண்மை உண்டு. அதனை நடைமுறையே மெய்ப்பிக்கின்றது. படலம் இட்டவரின் கவலை முடிவதில்லை, இடம் மாறுகின்றது. விளிம்பு உயர்கின்றதா, உள்ளே குமிழி தோன்றியுள்ளதா, காலம் செல்ல மஞ்சள் நிறம் படருமா எனப் படலமே கவலைக்குரிய பொருளாகின்றது. அதனால் படலத்தைக் காப்பதற்காக அதன்மேல் 'செரமிக்' எனப்படும் வேறொரு திரவப் பூச்சினைப் பூசுவோரும் பலர் உளர். காவலுக்குக் காவல் தேவைப்படுகின்றது. இன்னொரு முரணும் இங்கே குறிப்பிடற்பாலது. பூச்சிலே காணப்படும் நுண்ணிய வட்டக் கீறல்களிற் பெரும்பாலானவை கற்களால் விளைவன அல்ல; முறையற்ற கழுவுதலாலும் துடைத்தலாலும் விளைவன. வீதி செய்யாத தீங்கினை அடிக்கடி துடைக்கும் கை செய்துவிடுகின்றது. பேணும் வேட்கை அளவு கடந்தால் பேணப்படுவதையே தேய்க்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும், எபிக்டீற்றஸை முழுமையாக ஏற்பதிலும் ஓர் இடர் உண்டு. உடையக்கூடியது என்று அறிந்திருப்பதால் குடத்தைக் கவனமின்றிக் கையாளலாம் என்பது பொருளன்று. இழப்பை ஏற்கும் மனம் வேறு. இழப்பை விளைவிக்கும் அலட்சியம் வேறு. அரிஸ்டோட்டில் துணிவை அச்சத்துக்கும் அசட்டுத் துணிச்சலுக்கும் இடைப்பட்டதாகக் காட்டியதுபோல, பொருள் பேணுதலும் பற்றுக்கும் புறக்கணிப்புக்கும் இடைப்பட்டதாகவே இருத்தல் வேண்டும். காப்பதற்கு வேண்டியதைச் செய்தல், அதன்பின் வருவதை ஏற்றல் என்னும் இரண்டும் சேர்ந்ததே அந்த நடுநிலை. படலம் முதலாவதைத் தரவல்லது. இரண்டாவதை அது தரமாட்டாது.

இனி, தழும்பு பற்றி ஒரு சொல். தழும்பெல்லாம் இழிவு என்று சந்தை கருதுகின்றதா எனின், அதுவும் இல்லை. பிரான்சின் மேற்குப் பகுதியிலுள்ள ஒரு பண்ணையிலே பல்லாண்டுகளாகக் கைவிடப்பட்டுக் கிடந்த ஏறத்தாழ 60 கார்கள் 2014ஆம் ஆண்டிலே வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றுள் 1961ஆம் ஆண்டைச் சேர்ந்த ஃபெராரி 250 கலிபோர்னியா ஸ்பைடர் வண்டி ஒன்று பழைய பத்திரிகைக் குவியலின் கீழே கிடந்தது. 2015 பெப்ரவரியிலே பரிஸ் நகரில் அது ஏலமிடப்பட்டபோது அதன் தூசு துடைக்கப்படவில்லை. 1 கோடியே 60 இலட்சம் யூரோவுக்கு மேலான விலைக்கு அது சென்றது. இன்னொரு நிகழ்ச்சி: சுவிற்சர்லாந்தின் எல்லைக்குட்பட்ட மஜோரே ஏரிப் பகுதியிலே பல தசாப்தங்களாக அமிழ்ந்து கிடந்த புகாட்டி வண்டியொன்று 2009ஆம் ஆண்டிலே கரையேற்றப்பட்டது. மறு ஆண்டு அது 2,60,500 யூரோவுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் அதனைப் புதுப்பிக்கவில்லை. துருவும் சிதைவுமாகவே அது கலிபோர்னியாவிலுள்ள நூதனசாலை ஒன்றிலே காட்சிக்கு வைக்கப்பட்டது.

நேற்று விழுந்த கீறல் வெட்கத்தைத் தருகின்றது. ஐம்பது ஆண்டுத் தூசு வணக்கத்தைப் பெறுகின்றது. ஏன் இவ்வேறுபாடு? பழைய வண்டியின் சிதைவிலே நாம் வரலாற்றைக் காண்கின்றோம். காலமும் இடமும் மனிதரும் அதனைக் கடந்துசென்ற சுவடுகளைக் காண்கின்றோம். புதிய வண்டியின் கீறலிலோ நம் பணத்தின் இழப்பை மட்டுமே காண்கின்றோம். ஆனால், வரலாறு என்பது ஒரு காலத்திலே புதிய கீறலாக இருந்ததுதானே. கீறலை மறக்கும் படலத்தின் கீழே வைக்கப்படும் வண்டி நெடுங்காலம் புதியதாக இருக்கும். ஆயின் ஒருபோதும் பழையதாக ஆகாது. அதற்கு வயது ஏறும், வரலாறு ஏறாது.

இதனாலே சிதைவைப் போற்றவேண்டும் என்று கூற வரவில்லை. பண்ணையிலே கிடந்த வண்டிகளைப் பெருமைக்குரியனவாக ஆக்கியது புறக்கணிப்பு அன்று. அவற்றை ஆக்கியோரின் கலையும் அவற்றின் அருமையுமே. சிதைவை அழகென்று இரசிப்பது பெரும்பாலும் சிதைவின் செலவைத் தாங்கத் தேவையற்றவரின் இரசனை என்பதும் மறுக்கற்பாலதன்று. கூற விழைவது இவ்வளவே: உலகத்தோடு உறவுகொள்ளும் எதுவும் உலகத்தின் அடையாளத்தை ஏற்றேயாக வேண்டும். அடையாளம் எதனையும் ஏற்கமாட்டேன் என்பது உறவையே ஏற்கமாட்டேன் என்பதற்கு ஒப்பாகும்.

இறுதியாக ஒரு சோதனையைக் கூறலாம். வீதியோரத்திலே நிறுத்தப்பட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் காரை நோக்கி ஒரு சிறுவன் ஓடிவருகின்றான். அதன் நிறம் அவனை ஈர்க்கின்றது. கையை நீட்டி அதன் மேனியைத் தடவுகின்றான். அக்கணத்திலே உரிமையாளரின் கண் எதன்மீது முதலிற் செல்கின்றது? சிறுவனின் முகத்திலா, அவன் விரல் பட்ட இடத்திலா? விரலின்மீதே செல்லுமாயின், எத்தனை மைக்கிரோன் தடிப்புள்ள படலமும் அவருக்குப் போதாது. முகத்தின்மீது சென்று, அங்குள்ள வியப்பைக் கண்டு, கதவைத் திறந்து அவனை ஒரு நிமிடம் ஆசனத்தில் அமரவைப்பாராயின், படலம் அதன் பணியைச் செய்துவிட்டது. ஒருவேளை, படலம் இல்லாதிருந்தாலும் அவர் அவ்வாறே செய்திருப்பார். பொருளைக் காத்தல் மனிதரிடத்தே நம்மைக் கடுமையானவராக்குகின்றதா, தாராளமானவராக்குகின்றதா என்பதே முடிவான அளவுகோல். இது காருக்கு மட்டும் உரியதன்று. விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கப்படும் அறைக்கும், எவருக்கும் இரவல் கொடுக்கப்படாத நூலுக்கும், உறை கழற்றாத கதிரைக்கும் இவ்வளவுகோலே பொருந்தும்.

படலத்துக்கும் ஆயுள் உண்டு. பத்து ஆண்டுகள் வரை உற்பத்தியாளர் அதற்கு உத்தரவாதம் அளிப்பதுண்டு. அதன்பின் ஒருநாள் அது உரித்தெடுக்கப்படுகின்றது. பத்து ஆண்டு வீதி அனுபவமும், கற்களின் தடங்களும், கோடைகளும் மழைகளும் யாவும் அந்தப் படலத்தோடு சுருட்டப்பட்டுக் குப்பைக்குச் செல்கின்றன. கீழேயிருந்து வெளிப்படும் வர்ணப்பூச்சு முதல்நாள் இருந்தவாறே ஒளிர்கின்றது. அது எங்கும் சென்றதற்கான அடையாளம் அதன்மேல் எதுவுமில்லை. அந்நாளிலே உரிமையாளர் தம்மை நோக்கி ஒரு வினாவைக் கேட்டுக்கொள்ளலாம். பூச்சிலே இல்லாத அந்தப் பயணங்கள் என் நினைவிலேனும் இருக்கின்றனவா? இருக்குமாயின், படலம் அவருக்கு நல்ல பணியாளனாக இருந்தது. இல்லையாயின், பத்து ஆண்டுகளாக அவர் காத்தது ஒரு நிறத்தை மட்டுமே.